மெட்டல் கச்சேரிக்கு எந்த இயர்பிளக்? வட சென்னை ஹால்களை மனதில் வைத்து ஒரு ரிவ்யூ

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மேடைக்கு முன்னால் கூட்டம் மோதி ஆடும் இடமான பிட்டுக்குள் இறங்குகிறவர் என்றால் பாரிமுனைக் கடைகளில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் இயர்பிளக் போதும், அவருக்கு அதுதான் சரியும்கூட. ஓரமாக நின்று ஒவ்வொரு ரிஃப்பையும் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துண்டு) காது கொடுத்துக் கேட்கிறவர் ஃபில்டர் வைத்த பிளக்குக்குச் செலவு செய்யலாம். மாதத்துக்கு இரண்டு மூன்று கச்சேரி பார்ப்பவரும் பேண்டில் வாசிப்பவரும் காதுக்கு அச்சு எடுத்துச் செய்துகொள்வது நல்லது. எதை வாங்கினாலும் போடும் விதம் தப்பினால் காசு வீண். அதனால் இந்த ரிவ்யூவில் விலையைவிடப் பொருத்தத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறோம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று நம் பக்கத்தில் ஒரு பேண்ட் வாடகைக்கு எடுக்கக்கூடிய சின்ன ஹால்கள் ஏறக்குறைய ஒரே சாயல்தான். நீளவாக்கில் ஓர் அறை, டைல்ஸ் தரை, சிமென்ட் பூசிய சுவர், தாழ்வான கூரை, சில இடங்களில் தகர ஷீட். திரைச்சீலையோ கம்பளமோ கிடையாது. சத்தத்தை உறிஞ்ச அங்கே இருக்கும் ஒரே பொருள் மனித உடம்பு. கூட்டம் குறைந்தால் எதிரொலி கூடும். ஐம்பது பேர் நிற்கும் ஹாலைவிடப் பதினைந்து பேர் நிற்கும் ஹாலில் காது சீக்கிரம் களைத்துப்போவது இதனால்தான்.

சவுண்ட் சர்வீஸில் இருந்து வரும் 15 இன்ச் டாப் ஸ்பீக்கரை ஸ்டாண்டில் ஏற்றினால், மேல் சத்தத்தை அடிக்கும் அதன் ஹார்ன் பல நேரம் முன்வரிசையின் காது உயரத்துக்கே வந்து நிற்கும். ஆனால் உண்மையான சிக்கல் அங்கே இல்லை, டிரம்மில் இருக்கிறது. இந்த அளவு அறையில் டிரம்முக்கு மைக்கே வேண்டாம். ஓங்கி அடித்த ஸ்னேர் டிரம்மின் உச்சம் சில அடி தூரத்தில் சர்வ சாதாரணமாக 110 டெசிபலைத் தாண்டும். டிரம் கேட்கும் அளவுக்குக் கிதார் ஏற வேண்டும், கிதார் கேட்கும் அளவுக்குக் குரல் ஏற வேண்டும். சவுண்ட் மிக்சரில் உட்கார்ந்திருப்பவரிடம் எவ்வளவு கெஞ்சினாலும் சின்ன ஹாலில் சத்தம் குறையாததன் காரணம் இதுதான். அவர் கையில் இருப்பது மேல்மாடி மட்டும். அடித்தளத்தை டிரம்மர் போட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட ஹாலில் மெட்டலோ, பங்க் வழி வந்த ஹார்ட்கோரோ வாசிக்கும்போது 100 முதல் 110 டெசிபல் வரை இருப்பது வழக்கம். 105 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷின் அளவுகோல்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 100 என்றால் 15 நிமிடம். 105க்கு 5 நிமிடம்கூட இல்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும்.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் ஃபாக்டரியில் வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்தால் கணக்கு இடிக்கும். நம் ஃபாக்டரி விதிகளின் அட்டவணையில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல், 105 டெசிபலுக்கு 1 மணி நேரம் என்று இருக்கும். அங்கே நேரம் பாதியாவது ஏறக்குறைய 5 டெசிபலுக்கு ஒரு முறை. நியோஷ் கணக்கு அதைவிடக் கறார். காதைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்பதால் கறாரான கணக்கையே இங்கே எடுத்துக்கொள்கிறோம். இன்னொன்று: பகலில் ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் கிரைண்டர் பக்கத்தில் நின்றவர் சாயங்காலம் கச்சேரிக்கு வந்தால் இரண்டு சத்தமும் ஒரே கணக்கில்தான் சேரும். காதுக்குக் கம்பெனி, கச்சேரி என்ற வித்தியாசம் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் 2022ல் இசை நடக்கும் இடங்களுக்கென்று ஒரு தரநிலை வெளியிட்டது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, வருகிறவர்களுக்குக் காதுப் பாதுகாப்பு கிடைக்க வேண்டும் என்பவை அதில் உள்ளவை. சுவிட்சர்லாந்தில் 93 டெசிபலைத் தாண்டும் நிகழ்ச்சியில் இயர்பிளக் இலவசமாகக் கொடுப்பது சட்டம். நம்மிடம் இருக்கும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு விதிக்கின்றன. தெருவில் குடியிருப்பவரின் தூக்கத்தை அவை காக்கின்றன. உள்ளே நிற்பவரின் காதை அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"சின்ன வயசுலேர்ந்து சட்டி மேளம் பக்கத்துலயே நின்னவங்க நாங்க, காது பழகிடுச்சு" என்ற பேச்சு நம் பக்கத்தில் நிறைய உண்டு. காதுக்குள் சத்தத்தை வாங்கும் மயிர் உயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. செத்தால் மனிதருக்கு மறுபடி முளைக்காது. பழகியது என்று நாம் சொல்வது அவற்றில் ஒரு பகுதி போய்விட்டது என்பதைத்தான். பெரிய சத்தம் கேட்டதும் நடுக்காதின் சிறு தசை இறுகிக் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது இறுகுவதற்குள் ஸ்னேர் அடி உள்ளே போய்விட்டிருக்கும்.

பிளக் போட்டால் நிஜமாகவே பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சோதனை. 2015ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு திறந்தவெளி இசை விழாவுக்கு 51 பேரை அழைத்துப்போய், குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு இயர்பிளக் கொடுத்தார்கள். நாலரை மணி நேரம், சராசரி 100 டெசிபல். போடாதவர்களின் காதுகளில் 42 சதவீதத்துக்குத் தற்காலிகச் செவித்திறன் குறைவு வந்தது. போட்டவர்களின் காதுகளில் 8 சதவீதம்தான்.

சரி, பொருளுக்கு வருவோம்.

முதலில் ஸ்பாஞ்ச். நம் பக்கத்தில் பல வீடுகளில் இது ஏற்கெனவே இருக்கும், கம்பெனியில் கொடுப்பார்கள். ஆரஞ்சு நிறத்தில் கூம்பாக இருப்பது 3எம் 1100. மஞ்சள் நிறத்தில் உருளையாக இருப்பது இஏஆர் கிளாசிக். இரண்டுக்கும் பெட்டியில் என்ஆர்ஆர் 29 என்று போட்டிருக்கும், எவ்வளவு டெசிபல் குறைக்கும் என்பதற்கான அமெரிக்க எண் அது. பாரிமுனைச் சந்துகளில் ஹெல்மெட், கையுறை, சேஃப்டி ஷூ விற்கும் கடைகளில் பெட்டியாகவே வாங்கலாம், ஜோடி பத்து இருபது ரூபாய்க்குள் அடங்கும். சில்லறையாக வாங்கினாலும் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார் என்று பாருங்கள். அதில் என்ஆர்ஆர் அல்லது அதன் ஐரோப்பிய வடிவமான எஸ்என்ஆர் எண் இருக்க வேண்டும். இந்திய ஐஎஸ் 9167 அல்லது ஐரோப்பிய இஎன் 352 என்ற தர எண் இருந்தால் இன்னும் நல்லது. எந்த எண்ணும் இல்லாத பிளாஸ்டிக் கவர் ஸ்பாஞ்ச் எவ்வளவு தடுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இதைப் போடுவதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். அப்படியே எடுத்துக் காது வாயிலில் சொருகி, "போட்டும் சத்தமா இருக்கே" என்பார்கள். சரியான முறை இது. கையைக் கழுவுங்கள். பிளக்கை விரல்களுக்கு நடுவில் வைத்து, மெதுவாகத் தொடங்கி அழுத்தம் கூட்டி, மடிப்பு விழாத மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து வலது காது மடலின் மேல்பகுதியைப் பிடித்து மேலே, பின்னே இழுங்கள். வளைந்திருக்கும் காதுக் குழாய் அப்போதுதான் நேராகும். உருட்டிய பிளக்கை உடனே உள்ளே தள்ளி, விரல் நுனியால் முப்பது நாற்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே அது விரிவதை உணரலாம். கையைச் சீக்கிரம் எடுத்தால் விரியும் ஸ்பாஞ்ச் தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொள்ளும்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு திருத்தம். இந்த ஸ்பாஞ்ச் சூட்டில் வேகமாக விரியும், குளிரில் மெதுவாக விரியும். மே மாதத்தில் ஹால் வாசலில் நின்று உருட்டினால் காதுக்குப் போவதற்குள் பாதி விரிந்துவிடும். ஒரு காதுக்கு உருட்டி, போட்டு, பிடித்து முடித்த பிறகே அடுத்ததை உருட்டுங்கள். இரண்டையும் ஒன்றாக உருட்டி வைத்துக்கொள்வது வேலைக்காகாது.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க மூன்று வழி. நேர் எதிரே நிற்பவரிடம் கேளுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் பிளக்கின் நுனி துருத்தித் தெரியக்கூடாது. இரண்டாவது, இரு உள்ளங்கையாலும் காதுகளை இறுக்கி மூடித் திறந்து பாருங்கள். மூடும்போது சத்தம் பெரிதாகக் குறைந்தால் பிளக் தன் வேலையைச் செய்யவில்லை. மூன்றாவது கச்சேரிக்கே உரியது: சிம்பல் சத்தம் அடங்கியும் பேஸ் மட்டும் அப்படியே குமுறிக்கொண்டிருந்தால் ஓரத்தில் காற்று கசிகிறது. சிறு இடைவெளி வழியாக முதலில் நுழைவது தாழ்ந்த அலைவரிசைதான். வெளியே போய் மறுபடி போட்டுக்கொண்டு வாருங்கள்.

ஸ்பாஞ்சின் குறை, அது எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைக்காது. கீழ் அலைகளைவிட மேல் அலைகளை அதிகம் வெட்டும். மெட்டலில் இதன் விலை என்ன என்று ஒரு கணக்கு: நிமிடத்துக்கு 200 தாள வேகத்தில், இரு காலாலும் அடிக்கும் டபுள் பேஸ் டிரம் தாளத்துக்கு நான்கு அடியாகப் போனால் நொடிக்குப் பதின்மூன்று அடி. அந்தப் பதின்மூன்றையும் பிரித்துக் காட்டுவது டிரம்மின் 'டும்' அல்ல, பீட்டர் தோலில் படும் 'டிக்'. அந்த 'டிக்' மேல் அலைவரிசையில் இருக்கிறது. ஸ்பாஞ்ச் அதை எடுத்துவிட்டால் தனித்தனி அடிகள் ஒரே உறுமலாகிவிடும். கிதார் கம்பியை அதிவேகமாக மீட்டும் டிரெமோலோ பிக்கிங்கும் அப்படியே. டெத் மெட்டல் குரலில் வார்த்தையைப் பிடிக்க உதவும் ஓசைகளும் மேலேதான் இருக்கின்றன. அதனால் டெத் மெட்டலுக்கும் பிளாக் மெட்டலுக்கும் ஸ்பாஞ்ச் கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும். மெதுவாகக் கனமாக நகரும் டூமுக்கும் ஸ்லட்ஜுக்கும் அவ்வளவு இழப்பில்லை. நெஞ்சில் விழும் அதிர்வை எந்தப் பிளக்கும் தடுக்காது, அது உடம்பு வழியாக வருவது.

ஹார்ட்கோருக்கு ஸ்பாஞ்ச்தான் எங்கள் தேர்வு. பாட்டு இரண்டு நிமிடம், வேகம் குறைந்து கனமாகும் பிரேக்டவுன் வந்ததும் கூட்டம் முழுக்க நகரும், பாடகர் மைக்கை நீட்டுவார், நான்கு பேர் ஒருவர் மேல் ஒருவர் ஏறி வரியைக் கத்துவார்கள். அந்த நெரிசலில் காதிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் எதுவும் ஆபத்து. பக்கவாட்டில் ஒரு முழங்கை பட்டால் பிளக்கின் தண்டு உள்ளே பாயும். முழுதாக உள்ளே போய்விட்ட ஸ்பாஞ்ச் அப்படிக் குத்தாது. இதே காரணத்துக்காகக் கயிறு கோத்த பிளக்கைப் பிட்டுக்குள் போடவே கூடாது. யாருடைய கையிலாவது கயிறு சிக்கினால் அடைப்பு சட்டென்று பிடுங்கப்படும், செவிப்பறைக்கு அது நல்லதல்ல. ஜிமிக்கி, மாட்டல், தொங்கட்டான் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

மூன்று அடுக்குக் குடை மாதிரி இருக்கும், ஃபில்டர் இல்லாத சிலிக்கான் பிளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நீச்சலுக்கும் தொழிற்சாலைக்கும் ஆனது. ஸ்பாஞ்சைப் போலவே சத்தம் மந்தமாகும், ஸ்பாஞ்ச் அளவுக்குப் பிடிப்பும் இருக்காது. கச்சேரிக்கு வேண்டாம்.

ஃபில்டர் பிளக் வேறு சாதி. திறந்த காதுக் குழாய் சுமார் 2,700 ஹெர்ட்ஸ் பக்கம் இயல்பாகவே ஒலியைக் கூட்டித் தரும், புல்லாங்குழலின் துளை மாதிரி. எதைக் கொண்டு அடைத்தாலும் அந்தக் கூட்டல் போய்விடும், அதனால்தான் சாதாரணப் பிளக்கில் எல்லாமே தலையணைக்கு அடியில் இருந்து கேட்பது போல் இருக்கிறது. ஃபில்டருக்குள் இருக்கும் சிறு குழாயும் சவ்வும் இழந்த அந்தப் பகுதியைத் திருப்பிக் கொடுக்கும்படி அமைக்கப்பட்டவை. விளைவு, மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைகிறது. கச்சேரியின் வால்யூம் குமிழை யாரோ திருகிக் குறைத்த மாதிரி. எட்டிமோட்டிக் நிறுவனம் 1988ல் இசைக்கலைஞர்களுக்காகக் கொண்டுவந்த இஆர் 15 ஃபில்டர் இந்த வழியில் முன்னோடி. அச்சு எடுக்காமல் எல்லோரும் போடும்படி அதே நிறுவனம் செய்தது இஆர் 20 வரிசை. அல்பைன், லூப் போன்றவர்களும் இப்போது செய்கிறார்கள். நம்மிடம் பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மாடலைப் பொறுத்து ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை ஆகும்.

கேட்கும் அனுபவத்தில் இதற்கும் ஸ்பாஞ்சுக்கும் ஒப்பீடே இல்லை. ரைடு சிம்பலின் மணி தனியாக, விளிம்பு தனியாகக் கேட்கும். இரண்டு கிதார் ஒரே ரிஃப்பை வாசித்தால் எது இடது, எது வலது என்று தெரியும். இன்னொன்றை எல்லோரும் கவனிப்பதில்லை: 105 டெசிபலில் வெறும் காது தானே நெரிபட்டுக் கலங்கிவிடுகிறது, எல்லாம் இரைச்சலாகிவிடுகிறது. பத்துப் பதினைந்து டெசிபல் குறைத்துக் கேட்டால் பாட்டு வெறும் காதில் கேட்டதைவிடத் தெளிவாகிறது. "பிளக் போட்டால் கச்சேரி ருசிக்காது" என்பவர்களிடம் இதை ஒரு பாட்டுக்கு மாட்டிவிட்டால் போதும்.

பெட்டி மேல் உள்ள எண் இங்கே குழப்பும். இஆர்20எக்ஸ்எஸ் என்ற பிளக்குக்கு அமெரிக்க என்ஆர்ஆர் 13தான், பெயரில் 20 இருக்கிறதே என்று கேட்கலாம். சோதனைச் சாலையில் பலர் காதில் போட்டு அளந்து, சராசரியில் இருந்து இரண்டு மடங்கு திட்ட விலக்கத்தை (ஆளுக்கு ஆள் மாறும் அளவு) கழித்து வருவது என்ஆர்ஆர். ஒழுங்காகப் போட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைக்கும் குறைந்தபட்சம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். ஐரோப்பிய எஸ்என்ஆர் ஒரு மடங்குதான் கழிக்கும், அதனால் அதே பிளக்குக்கு எண் கூடுதலாகத் தெரியும். இரண்டையும் ஒப்பிடவே கூடாது. என்ஆர்ஆரோடு என்ஆர்ஆர், எஸ்என்ஆரோடு எஸ்என்ஆர்.

மறுபக்கமும் உண்டு. 29 என்று போட்டிருப்பதை 105ல் இருந்து அப்படியே கழித்து 76 என்று நிம்மதியாக இருக்கக்கூடாது. நடைமுறைக் கணக்கு, எண்ணில் 7 கழித்துப் பாதியாக்குவது. 29க்கு 11 வரும், 105 என்பது 94 ஆகும், ஒரு மணி நேரம் தாங்கும். மேலே சொன்னபடி ஒழுங்காகப் போட்டால் இதைவிட நிறையக் கிடைக்கும். பத்து ரூபாய் ஸ்பாஞ்ச் 11 டெசிபல் தருகிறதா 25 தருகிறதா என்பது அந்த முப்பது நொடியில் இருக்கிறது.

ஃபில்டர் பிளக்கின் குறைகள். முதல் எதிரி வியர்வை. கடற்காற்றின் ஈரத்தில், ஏசி இல்லாத ஹாலில், அரை மணி நேரத்தில் காதுக் குழாய் வழுவழுப்பாகிவிடும். தாடையை அசைத்துக் கத்தும்போது சிலிக்கான் மெல்ல நழுவும், சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகவே கூடுவதால் நமக்குத் தெரியாது. ஒவ்வொரு பேண்ட் முடிந்ததும் வெளியே போய்க் கைக்குட்டை முனையால் காதைத் துடைத்து மறுபடி போடுங்கள். காதில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விடும் பழக்கம் இருந்தால் அன்றைக்கு வேண்டவே வேண்டாம். இரண்டாவது, அளவு. கூடவே வரும் முனைகளில் சின்னதும் பெரியதும் இருக்கும், இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றில்லை. வீட்டில் மிக்சியை ஓடவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். குறுகிய காதுக் குழாய் உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள் பலர், பெரிய முனையைப் போட்டு ஒரு மணி நேரத்தில் வலி தாங்காமல் கழற்றிவிடுகிறார்கள். பிளக்கைக் குறைசொல்லிப் பயனில்லை, முனையை மாற்ற வேண்டும்.

கழற்றுவதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று மணி நேரக் கச்சேரியில் பிளக்கை ஐந்தே நிமிடம், பிடித்த பாட்டுக்காக மட்டும் கழற்றினால் போதும், 105 டெசிபலில் அன்றைய ஒதுக்கீடு முழுதும் அந்த ஐந்து நிமிடத்தில் காலி. பாட்டுக்கு நடுவில் பேசவும் கழற்ற வேண்டாம், டிரம்மர் எப்போது ஆரம்பிப்பார் என்று யாருக்கும் தெரியாது. இருவரும் பிளக் போட்டிருந்தால் காதருகில் குனிந்து சாதாரணக் குரலில் பேசினாலே கேட்கும். பிளக் இல்லாதவர் காதில் கத்துவதுதான் கொடுமை, ஸ்பீக்கருக்கு மேல் நீங்களும் ஒரு ஸ்பீக்கர்.

பஞ்சு, டிஷ்யூ, பாட்டு கேட்கும் இயர்பட் இவற்றையும் சிலர் வைத்துக்கொள்கிறார்கள். பஞ்சும் டிஷ்யூவும் தடுப்பது மிகச் சொற்பம், ஆனால் தடுத்த மாதிரி ஒரு நினைப்பைக் கொடுத்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்க வைக்கும். சும்மா வருவதைவிட அது மோசம். இயர்பட் பெரும்பாலும் பாதுகாப்புக்காக அளந்து சான்று பெற்ற பொருள் அல்ல, நெரிசலில் விழுந்தால் கிடைக்கவும் கிடைக்காது.

அச்சு எடுத்துச் செய்வது செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் செய்யும் வேலை. செவிப்பறையைக் காக்க முதலில் நூல் கட்டிய சிறு பஞ்சு உருண்டையை உள்ளே வைத்து, சிலிக்கான் களிம்பை ஊற்றி இறுக விடுவார். இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள். அச்சு காதுக் குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவது போல் ஒலிக்கும். வாயில் கட்டை கடித்துத் திறந்த நிலையில் அச்சு எடுக்க வேண்டும், தாடை அசையும்போது குழாயின் வடிவமே மாறும் என்பதால் மூடிய வாயில் எடுத்த அச்சு கத்தும்போது கசியும். பாடுகிறவர்களுக்கு இது கட்டாயம். ஃபில்டர் 9, 15, 25 டெசிபல் என்று மாற்றிக்கொள்ளலாம். நம் சின்ன ஹாலுக்கு எது? 105ல் 15 போனால் 90, இரண்டரை மணி நேரம். மூன்று பேண்ட் வாசிக்கும் இரவுக்கு அது பற்றாது. முன்வரிசைக்கும் டிரம்மருக்கும் 25, பின்னால் நிற்பவருக்கு 15. ஒன்பது இங்கே எதற்கும் ஆகாது. விலை கடைப் பிளக்கைப் போல் பல மடங்கு, ஆனால் வருடக்கணக்கில் வரும், வியர்வையில் நழுவாது.

எங்கே நிற்பது என்பதும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பிளக். நான்கு ஸ்பீக்கர் வைத்த கிதார் பெட்டி மேல் அலைகளை டார்ச் லைட் மாதிரி நேராக அடிக்கும். அதன் நேர்கோட்டில் நின்றால் காது கிழியும், இரண்டடி பக்கத்தில் நகர்ந்தால் பாதிக் குத்தல் போய்விடும். டாப்புக்கும், பேஸ் அடிக்கும் சப் ஸ்பீக்கருக்கும் முன்னால் ஓர் ஆள் நீளம்கூட இடைவெளி இல்லாமல் நிற்காதீர்கள். மூலையில் நின்றால் பேஸ் பெருகும், மற்றது கலங்கும். நல்ல சத்தம் மிக்சருக்குப் பக்கத்தில்தான், அவர் தன் காதுக்குத்தானே சரிசெய்கிறார். போனில் டெசிபல் ஆப் வைத்துப் பார்ப்பவர்கள், ஐபோன் என்றால் நியோஷின் இலவச ஆப்பை எடுக்கலாம். மற்ற போன்களில் மைக்குகள் பெரிய சத்தத்தில் திணறி எண்ணைக் குறைத்துக் காட்ட வாய்ப்புண்டு, 95 என்று காட்டினால் உண்மை அதற்கு மேலே என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு சுருக்கம்தான். ஸ்பாஞ்ச் பெட்டியில் எழுதியிருப்பது ஒருமுறைப் பயன்பாடு. அழுக்கேறியதும், உருட்டினால் திரும்ப விரியாததும் குப்பைக்கு. யாருக்கும் கடன் கொடுக்க வேண்டாம். நம் ஈரக் காற்றில் காதுப் பூஞ்சை வருவது சகஜம், ஈரப் பிளக்கை டப்பாவில் மூடி வைப்பது அதைப் பந்தி போட்டுக் கூப்பிடுவது. சிலிக்கான் முனையைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, இரவு முழுக்க உலர்த்துங்கள். ஃபில்டருக்குள் தண்ணீர் போகக்கூடாது. ஸ்பிரிட், டெட்டால் வேண்டாம். ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமாகக் கேட்டால் ஃபில்டர் துளையில் குரும்பி அடைத்திருக்கும். பைக் டிக்கியில் விட்டுவிடாதீர்கள், வெயிலில் ஸ்பாஞ்ச் கெட்டுப்போகும். இருட்டில் விழுந்தால் தேட வசதியாகப் பளீர் நிறமாக வாங்குங்கள், பாக்கெட்டில் இன்னொரு ஜோடி ஸ்பாஞ்ச் எப்போதும் இருக்கட்டும். பக்கத்தில் நிற்பவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தால் அந்தப் புது ஜோடியைக் கொடுத்துவிடலாம்.

கச்சேரி முடிந்து வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறும்போது காதில் 'ஙொய்' என்று இரைந்தால், பிளக் கசிந்திருக்கிறது அல்லது நேரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அன்றிரவு ஹெட்போன் வேண்டாம், மறுநாள் முழுக்கக் காதுக்கு ஓய்வு கொடுங்கள். மறுநாளும் இரைச்சல் நிற்கவில்லை, அல்லது ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டது என்றால் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அதற்கான பிரிவு இருக்கிறது.

தொடர்ந்து கச்சேரிக்குப் போகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை செவித்திறன் சோதனையான ஆடியோகிராம் எடுப்பது நல்லது. கச்சேரி முடிந்து இரண்டு நாள் அமைதிக்குப் பிறகு போங்கள், இல்லையென்றால் தற்காலிகக் குறைவும் சேர்ந்து தெரியும். 3,000, 4,000, 6,000 ஹெர்ட்ஸ் மூன்றிலும் சோதிக்கச் சொல்லுங்கள். சத்தத்தால் வரும் சேதம் முதலில் 4,000 பக்கம் ஒரு பள்ளமாக விழும். அந்தக் கட்டத்தில் பேச்சு நன்றாகவே கேட்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பள்ளம் அகன்ற பிறகுதான் ச, ஸ, ஷ ஓசைகள் குழம்பத் தொடங்கும், சந்தையில் நான்கு பேர் ஒன்றாகப் பேசினால் வார்த்தை பிரியாது. முதல் தாளை ஃபைலில் போட்டு வையுங்கள், அடுத்த வருடத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.